பாசிநச்சுச் சோதனைப் பெட்டி: ஒரு பருவம் பயன்படுத்திய பின்

குளத்தில் இறங்கிவிட்டு வந்த எங்கள் நாய் வாசலில் படுத்து முன்னங்கால்களை நக்கிக்கொண்டிருந்தபோது, அதன் மார்பு முடியில் பச்சைப் பொடி போல ஏதோ காய்ந்து ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். அன்றைக்கு அதற்கு ஒன்றும் ஆகவில்லை. குழாய் நீரில் நன்றாகக் கழுவிவிட்டு, இரவு முழுவதும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். மறுநாள் காலையில் குளக்கரைக்குப் போய்ப் பார்த்தால், காற்று ஒதுக்கிய மூலையில், பச்சை வண்ணத்தைக் கொட்டிவிட்டுக் கலக்க மறந்தது போல, ஓர் ஆடை தடித்துப் படர்ந்திருந்தது. அந்த ஆடை நஞ்சா, வெறும் பாசியா என்று அறிந்துகொள்ளத்தான் வீட்டிலேயே நீரைச் சோதிக்க உதவும் பட்டைகள் கொண்ட இந்தப் பெட்டியை வாங்கினேன். ஒரு பருவம் முழுவதும் அதனோடு பழகிய பிறகு, அது எந்தக் கேள்விக்கு விடை சொல்கிறது, எந்தக் கேள்விக்கு விடை சொல்வது போலத் தோற்றம் மட்டும் தருகிறது என்பதை எழுதுகிறேன்.

இவ்வகைப் பெட்டிகள் பல பெயர்களில் விற்பனைக்கு வருகின்றன. நான் வாங்கியதன் மீது எனக்குச் சில மனக்குறைகள் உண்டு. ஆயினும் அவற்றுள் பெரும்பாலானவை இந்தத் தொழில்நுட்பத்துக்கே உரியவை என்பதாலும், எஞ்சியவை ஒரு விற்பனையாளரோடு எனக்கு நேர்ந்த கடிதப் போக்குவரத்தைப் பற்றியவை என்பதாலும் பெயர் எதையும் குறிப்பிடவில்லை.

முதலில், பட்டை எதைத் தேடுகிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். நன்னீரில் பச்சை ஆடையாகத் திரளும் நீலப்பசும்பாசி, பெயரில் பாசியாக இருந்தாலும், உண்மையில் பாக்டீரியா இனத்தைச் சேர்ந்தது. சயனோபாக்டீரியா என்பதே அதன் அறிவியல் பெயர். வெயிலும் வெப்பமும் அசையாத நீரும், வயல்களிலிருந்தும் சாக்கடைகளிலிருந்தும் வந்து சேரும் பாஸ்பரசும் நைட்ரஜனும் ஒன்றுகூடும்போது அது சில நாட்களிலேயே பெருகிவிடுகிறது. அதில் எல்லா வகையும் நஞ்சை உண்டாக்குவதில்லை. நஞ்சை உண்டாக்கக்கூடிய வகைகூட எல்லா நேரத்திலும் உண்டாக்குவதில்லை. நிறத்தையோ நாற்றத்தையோ வைத்து இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்க ஒருவராலும் முடியாது. உண்டாகும் நஞ்சுகளில் மிகப் பரவலாகக் காணப்படுவது மைக்ரோசிஸ்டின். இதுவரை 200க்கும் மேற்பட்ட வடிவங்களில் அறியப்பட்டுள்ள இந்த நஞ்சு, கல்லீரல் செல்களுக்குள் நுழைந்து, அவற்றின் சட்டகத்தைத் தாங்கிப்பிடிக்கும் புரதங்களை ஒழுங்குபடுத்தும் நொதிகளை முடக்கிவிடுகிறது. செல்கள் உருக்குலைந்து, அளவு மிகுந்தால் இரத்தம் ஈரலுக்குள்ளேயே கசிந்து தேங்குகிறது. நான் வாங்கிய பெட்டி இந்த மைக்ரோசிஸ்டினையும் அதன் நெருங்கிய உறவான நொடுலாரினையும் மட்டுமே காட்டும். இந்த ‘மட்டுமே’ என்ற சொல்லை வாசகர் மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

பெட்டிக்குள் ஐந்து பட்டைகள், ஈரம் உறிஞ்சும் பொதியோடு மூடிய ஒரு குப்பியில் இருக்கின்றன. அவற்றோடு ஐந்து சிறு கண்ணாடிக் குப்பிகள், ஐந்து கூம்புக் குப்பிகள், சொட்டுக் குழல்கள், ஓர் இடுக்கி, நிற ஒப்பீட்டு அட்டை, பொடி எழுத்தில் அச்சிட்ட செய்முறைத் தாள் ஆகியவை உள்ளன. நீரை எடுத்து அப்படியே பட்டையை நனைத்துவிடலாம் என்று எண்ணியிருந்தேன். அது முற்றிலும் தவறு. மைக்ரோசிஸ்டினின் பெரும்பகுதி உயிருள்ள பாசிச் செல்லுக்குள்ளேயே அடைபட்டிருக்கும் என்பதால், செல்லை உடைத்து நஞ்சை வெளியே கொண்டுவந்த பிறகே அளக்க முடியும். அதற்காகவே கண்ணாடிக் குப்பியின் அடியில் ஒரு வேதிப்பொருள் உலர்த்தி வைக்கப்பட்டுள்ளது. நீரை ஊற்றிக் குலுக்க வேண்டும், பொறுக்க வேண்டும், இடுக்கியால் ஒரு மருந்துத் தாளை உள்ளே இட்டு மீண்டும் குலுக்கி மீண்டும் பொறுக்க வேண்டும், பின்னர் அளவாக எடுத்துக் கூம்புக் குப்பிக்கு மாற்றி, அதன் பிறகே பட்டையைச் செருக வேண்டும். கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு செய்தால் ஏறக்குறைய ஐம்பது நிமிடங்கள் ஆகின்றன. குப்பி ஏன் கண்ணாடியால் ஆனது என்பதும் பின்னரே எனக்குப் புரிந்தது: சிலவகைப் பிளாஸ்டிக்கின் சுவரில் மைக்ரோசிஸ்டின் ஒட்டிக்கொள்ளும், பழைய பிளாஸ்டிக் பாட்டிலில் நீரைக் கொண்டுவந்தால் உள்ளதைவிடக் குறைவாகவே பட்டை காட்டக்கூடும். இவ்வளவு முக்கியமான இந்தச் செய்தி, செய்முறைத் தாளின் பின்பக்கத்தில், கிடங்கு வெப்பநிலையைப் பற்றிய வரிக்குக் கீழே ஒளிந்திருக்கிறது.

இந்தப் பெட்டியின் மிகப் பெரிய குறை அதன் வேதியியலில் இல்லை, கோட்டில் இருக்கிறது. கர்ப்பச் சோதனையிலும் கொரோனாச் சோதனையிலும் பழகிய கண்ணுக்கு, ஒரு கோடு என்றால் ‘இல்லை’, இரண்டு கோடு என்றால் ‘உண்டு’. இந்தப் பட்டையில் அது தலைகீழ். நீரில் நஞ்சு இல்லையென்றால் சோதனைக் கோடு அழுத்தமாகத் தோன்றும். நஞ்சு கூடக்கூடக் கோடு வெளிறும். அளவு மீறினால் கோடே இராது, பட்டை வேலை செய்கிறது என்பதைக் காட்டும் கட்டுப்பாட்டுக் கோடு மட்டும் தனியே நிற்கும். நஞ்சும் பட்டையில் பூசப்பட்ட பொருளும் நஞ்சைப் பற்றிக்கொள்ளும் ஒரே எதிர்ப்புரதத்துக்காகப் போட்டியிடுவதே இதற்குக் காரணம்; நஞ்சு முந்திக்கொண்டால் கோட்டை எழுத எதிர்ப்புரதம் மிஞ்சுவதில்லை. காரணம் தெரிந்தவருக்கு இது எளிது. ஆனால், குளத்து மூலையிலிருந்து எடுத்த நீரை நான் முதன்முதலாகச் சோதித்த அன்று, அருகில் நின்ற அக்கா மகன் எட்டிப் பார்த்துவிட்டு, “மாமா, ஒரே கோடுதான் இருக்கிறது, ஒன்றும் இல்லை, நாயை விடலாமா?” என்று கேட்டான். அந்தப் பட்டை அன்று சொன்னது அதன் அளவுகோலைத் தாண்டிய நஞ்சு! பெட்டியின் மூடியிலேயே, பெரிய எழுத்தில், ஒரு கோடு என்றால் ஆபத்து என்று அச்சிட வேண்டாமா? இத்தனை கவனமாகச் செய்யப்பட்ட ஒரு கருவியை, ஒரு வரி அச்சுக் குறைபாட்டால், வீட்டில் வேறொருவர் கையில் கொடுக்க அஞ்சும்படி ஆக்கி வைத்திருக்கிறார்கள்.

ஒப்பீட்டு அட்டையில் 0, 1, 2.5, 5, 10 என்று ஐந்து படிகள் உள்ளன; லிட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று பொருள். இந்த எண்களைப் புரிந்துகொள்ள வெளியே உள்ள வரம்புகளோடு ஒட்டிப் பார்க்க வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் வாழ்நாள் முழுவதும் அருந்தும் குடிநீருக்கு மைக்ரோசிஸ்டின்-எல்ஆர் (அந்நஞ்சின் வடிவங்களுள் ஒன்று) லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்றும், குறுகிய காலம் அருந்த நேர்ந்தால் 12 என்றும், குளித்து விளையாடும் நீருக்கு 24 என்றும் வழிகாட்டு அளவுகளை வகுத்துள்ளது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2019இல் நீச்சலுக்கு 8 மைக்ரோகிராம் என்ற பரிந்துரையை வெளியிட்டது. ஆகவே 10இல் முடியும் பட்டை, ஒரு வரம்பை எட்டிப்பிடிக்கிறது, மற்றொன்றை எட்டுவதில்லை. வாலை நீரில் (காய்ச்சி வடித்த நீரில்) பத்து மடங்கு நீர்த்துச் சோதித்தால் இந்த இடைவெளியை நிரப்பலாம். கோடே இல்லாமல் போன அந்த மூலை நீரை நான் அவ்வாறு நீர்த்தபோது, கோடு 2.5க்கும் 5க்கும் நடுவே எங்கோ வந்து நின்றது. அதாவது லிட்டருக்கு 25 முதல் 50 மைக்ரோகிராம் வரை. கண்ணால் நிறத்தை ஒப்பிடும் முறையில் இதற்கு மேல் துல்லியத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை. எனக்கும் என் மனைவிக்குமே ஒரே கோட்டில் ஒரு படி கருத்து வேறுபாடு இருந்தது.

அதே நாளில், அதே மணியில், குளத்தின் எதிர்க்கரையில் எடுத்த நீரில் சோதனைக் கோடு ஏறக்குறைய முழு அழுத்தத்தோடு வந்தது. இந்தப் பருவத்தில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பாடம் அந்த இரண்டு பட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததுதான். இப்பாசியின் செல்களுக்குள் சிறு காற்றுப்பைகள் உண்டு. அவற்றின் உதவியால் மேலே மிதந்து வந்து, காற்று தள்ளும் பக்கம் ஒதுங்கி, நீரின் நடுப்பகுதியைவிட ஆயிரம் மடங்கு அடர்த்தியாகக்கூடத் திரண்டுவிடும். காலையில் கிழக்கு மூலையில் இருந்த ஆடை மாலையில் மேற்கே போயிருக்கும். பட்டை சொல்வது குப்பிக்குள் இருக்கும் ஒரு மில்லி லிட்டரைப் பற்றி, குளத்தைப் பற்றியன்று. குழந்தைகள் விளையாடுவதும், நாய் இறங்குவதும், மாடு நீர் குடிப்பதும் நடுக்குளத்தில் இல்லை, கரையோரத்தில்தான் என்பதால், மாதிரியையும் அங்கேயே, அதிலும் மோசமாகத் தோன்றும் இடத்திலேயே எடுக்க வேண்டும். தெளிந்த இடத்தில் எடுத்து மனத்தை ஆற்றிக்கொள்ளும் ஆசை எல்லோருக்கும் வரும், எனக்கும் வந்தது. எடுக்கும்போது கையுறை கட்டாயம் வேண்டும். அது பெட்டியில் இல்லை.

இனி ‘மட்டுமே’ என்ற சொல்லுக்கு வருகிறேன். நாய் வளர்ப்பவர்கள் அஞ்ச வேண்டிய நஞ்சு மைக்ரோசிஸ்டின் மட்டும் அன்று. அனடாக்சின்-ஏ என்ற நரம்பு நஞ்சு, தசையை இயக்கும் அசிட்டைல்கோலின் என்னும் இயற்கைப் பொருளின் இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொண்டு, உடலால் அகற்றப்படாமல் அங்கேயே தங்கிவிடுகிறது. தசைகள் துடிக்கின்றன, வலிப்பு வருகிறது, பிறகு மூச்சுத்தசை ஓய்ந்துபோகிறது. இவை அனைத்தும் சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் முடிந்துவிடக்கூடும். இந்த நஞ்சைக் கண்டறிந்த தொடக்கக் காலத்தில் ஆய்வாளர்கள் இதற்கு இட்ட பெயரே ‘அதிவிரைவு மரணக் காரணி’ என்ற பொருள் தருவது. மற்றொரு நரம்பு நஞ்சான சாக்சிடாக்சின், ஈரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும் சிலிண்டிரோஸ்பெர்மாப்சின் ஆகியவையும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனிப் பட்டை, தனிப் பெட்டி. மைக்ரோசிஸ்டின் பட்டையில் இரண்டு கோடும் அழுத்தமாக நிற்கும் அதே குளத்தில் அனடாக்சின் நிறைந்திருக்க எந்தத் தடையும் இல்லை.

வாங்குவதற்கு முன்பே இதைக் கேட்டு விற்பனையாளருக்கு எழுதினேன். “எல்லா வகைப் பாசி நச்சுகளையும் கண்டறியும், கவலை வேண்டாம்” என்று பதில் வந்தது. பெட்டி வந்த பிறகு செய்முறைத் தாளைப் படித்துவிட்டு, இரண்டையும் ஒட்டி மீண்டும் எழுதினேன். தாளில் உள்ளதே சரி என்று ஒரு வரியில் பதில் வந்ததே ஒழிய, விற்பனைப் பக்கத்தில் இருந்த ‘அனைத்து நச்சுகளும்’ என்ற சொற்கள் நான் இதை எழுதும் நாள்வரை அப்படியேதான் இருக்கின்றன. செய்பவரின் தாள் நேர்மையாக இருக்கிறது. விற்பவரின் வாய்ச்சொல் அப்படி இல்லை. மற்ற குறைகளை மறந்தாலும் இதை என்னால் மறக்க முடியவில்லை, ஏனென்றால் இங்கே தவறான நம்பிக்கைக்கு விலை கொடுப்பது வாயில்லா உயிர்.

இன்னும் ஒரு பெரிய ஓட்டை உண்டு. எல்லாச் சயனோபாக்டீரியாவும் மிதப்பதில்லை. ஓடைகளிலும் ஆறுகளிலும் கல்லின் மேலும் படுகையிலும் கம்பளம் போலப் படியும் வகைகள் உள்ளன. அவை பெயர்ந்து கரையில் ஒதுங்கிக் காயும்போது எழும் நாற்றம் நாய்களை ஈர்க்கிறது, அவற்றைத் தின்னவும் செய்கின்றன. 2020இல் அமெரிக்காவின் சயான் தேசியப் பூங்காவில் வர்ஜின் ஆற்றில் விளையாடிய ஒரு நாய்க்குட்டி இறந்தது இப்படிப்பட்ட படுகைப் பாசியால்தான். நீர் கண்ணாடி போலத் தெளிந்திருக்கும். நீரைச் சோதித்தால் பட்டையும் தெளிவாகவே இருக்கும். நஞ்சு கம்பளத்தில் இருக்கும். ஓடைக்கரையில் வாழ்பவர்களுக்கு இந்தப் பெட்டியை நான் பரிந்துரைக்கவே மாட்டேன்.

நாய் ஏற்கெனவே நீரில் இறங்கிவிட்டது, இப்போது சோதிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் விடை, கூடாது என்பதுதான். ஐம்பது நிமிடம் குப்பியைக் குலுக்கிக்கொண்டிருக்கும் நேரம் அன்று. உடனே சுத்தமான நீரால் முடியை அடிவரை கழுவ வேண்டும், கழுவி முடியும்வரை நக்கவிடக் கூடாது. நாய்க்கும் பூனைக்கும் குடித்த நீரைவிட முடியில் ஒட்டிவந்த ஆடையே சில நேரங்களில் அதிக நஞ்சைத் தருகிறது. வாந்தி, தள்ளாட்டம், எச்சில் ஒழுகல், நடுக்கம், ஈறு வெளிறுதல் ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் கால்நடை மருத்துவரிடம் கொண்டு ஓட வேண்டும். இந்த நஞ்சுகளுக்கு முறிமருந்து என்று எதுவும் இல்லை. உடலைத் தாங்கிப்பிடிக்கும் சிகிச்சைதான். கொலஸ்டிரமைன் என்னும் மருந்து ஒரு நாயின் குடலில் மைக்ரோசிஸ்டினைப் பிடித்து வெளியேற்ற உதவியதாக மருத்துவ இதழில் ஒரு பதிவு உண்டு; ஆனால் ஒரு நாயின் கதையை வைத்து எல்லா நாய்க்கும் நம்பிக்கை சொல்ல இயலாது. போகும்போது ஒரு கண்ணாடிக் குப்பியில் அந்த நீரையும் ஆடையையும் எடுத்துச் சென்றால், எந்த நஞ்சு என்று பின்னர் ஆய்வகம் சொல்ல வழி இருக்கும்.

கால்நடைகள் இந்த நஞ்சுக்குப் பலியானது புதிய செய்தி அன்று. தெற்கு ஆஸ்திரேலியாவின் அலெக்சாண்டிரினா ஏரியில், பச்சை எண்ணெய் வண்ணம் போன்ற ஆடை படர்ந்த நீரைக் குடித்த ஆடு, மாடு, குதிரைகள் இறந்ததை ஜார்ஜ் ஃபிரான்சிஸ் 1878இலேயே எழுதிவைத்தார். 2020இல் போட்ஸ்வானாவில் 300க்கும் மேற்பட்ட யானைகள் மடிந்தபோது, சயனோபாக்டீரியாவின் நஞ்சே காரணம் என்று அந்நாட்டு அரசு அறிவித்தது. மாடு வளர்ப்பவருக்குப் பட்டையைவிடப் பயன் தருவது, காற்று ஒதுக்கும் கரைக்கு ஒரு வேலியும், வேறிடத்தில் ஒரு தொட்டி நல்ல நீருமே. பிழைத்த மாட்டுக்குக்கூடப் பின்னர் வெயில் பட்ட இடத்தில் தோல் வெந்து உரியலாம். ஈரல் கெட்டால், மேய்ந்த பச்சையத்தின் எச்சம் வெளியேறாமல் இரத்தத்தில் தங்கி, தோலை ஒளிக்குக் கூசவைக்கிறது.

மனிதருக்கு வரும் தொல்லைகள் பெரும்பாலும் இவ்வளவு கொடியவை அல்ல: தோலில் தடிப்பு, கண் எரிச்சல், தொண்டைக் கரகரப்பு, வாந்தி, வயிற்றுப்போக்கு, தலைவலி, நீர்த்துளி கலந்த காற்றைச் சுவாசித்தால் இருமல். இவற்றுள் தோல் தடிப்பும் எரிச்சலும் மைக்ரோசிஸ்டின் இல்லாத பாசியாலும் வரக்கூடும் என்பதால், பட்டை தெளிவாக வந்த நாளில் குளித்துவிட்டு உடல் அரித்தால் பட்டையைக் குறை சொல்ல முடியாது. சிறு குழந்தைகளின் நிலை வேறு: அவர்கள் விளையாடும்போது அதிக நீரை விழுங்குகிறார்கள், உடல் எடையோ குறைவு, நிற்பதோ ஆடை ஒதுங்கும் ஓரத்தில். 

குடிநீருக்கு இந்தப் பெட்டியைப் பயன்படுத்தலாமா? என்னிடம் உள்ளது பொழுதுபோக்கு நீருக்கானது. சுழிக்கு அடுத்த அதன் முதல் படியே 1 மைக்ரோகிராம். அமெரிக்க முகமை 2015இல் வெளியிட்ட பத்து நாள் அறிவுரை அளவு, ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு 0.3 மைக்ரோகிராம், மற்றவர்களுக்கு 1.6. கைக்குழந்தையின் பால்பொடியைக் கரைக்கும் நீரைப் பற்றி இந்தப் பட்டையால் எதுவும் சொல்ல இயலாது. தவிர, குளோரின் கலந்த நீரைச் சோதிப்பதானால் அந்தக் குளோரினை முதலில் முறிக்க வேண்டும், இல்லையேல் முடிவு பொய்யாகும். அதற்கான பொருள் வேறு பெட்டியில்தான் வரும். கொதிக்க வைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் இன்னும் ஏராளம். மைக்ரோசிஸ்டின் கொதியில் அழிவதில்லை. நீர் ஆவியாகக் குறைய, எஞ்சிய நீரில் அது செறிவடையவே செய்யும். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலிடோ நகரில், ஈரி ஏரியிலிருந்து எடுத்த குடிநீரில் இந்த நஞ்சு வரம்பைத் தாண்டியபோது, நீரைக் குடிக்கவும் வேண்டாம், கொதிக்க வைக்கவும் வேண்டாம் என்று 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அறிவித்தார்கள். நீர் குடலைத் தாண்டி நேரே இரத்தத்தைத் தொடும் இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு 1996இல் பிரேசிலின் கருவாரு நகரில் நடந்ததே சாட்சி: அங்கே ஒரு டயாலிசிஸ் மையத்தில் போதிய அளவு சுத்திகரிக்கப்படாத நீரால் 131 நோயாளிகளில் 116 பேருக்கு நோய்க்குறிகள் தோன்றின, 52 இறப்புகள் இந்த நஞ்சின் கணக்கில் எழுதப்பட்டன. 

கண்ணாடிக் குப்பியில் செல்லை உடைக்கும் படியை ஒவ்வொரு முறை செய்யும்போதும் எனக்கு ஒரு நினைவு வரும். எங்கள் குளத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் தந்த அறிவுரை, மருந்தைக் கொட்டிப் பாசியைக் கொன்றுவிடுங்கள் என்பதே. குப்பியில் மருந்து செய்வதை அந்த மருந்து குளத்தில் செய்யும். அடைபட்டிருந்த நஞ்சு ஒரே நாளில் நீரில் கரைந்து பரவும். ஆஸ்திரேலியாவின் பாம் தீவில் 1979இல் நடந்தது அதுதான். குடிநீர் அணையில் பெருகிய பாசியைக் கொல்ல மயில்துத்தம் (தாமிர சல்பேட்) இட்ட சில நாட்களில், பெரும்பாலும் குழந்தைகளான 148 பேர் ஈரல் வீக்கமும் வயிற்றுப்போக்குமாக நோயுற்றனர். மைக்ரோசிஸ்டின் இல்லாத நிகழ்ச்சி அது. காரணம் சிலிண்டிரோஸ்பெர்மாப்சின் என்று பின்னர் தெரிந்தது. பாசி மறைந்து நீர் தெளிந்த பின்னும் நஞ்சு நாட்கணக்கில், சில நேரம் வாரக்கணக்கில் தங்கும் என்பதால், இந்தப் பெட்டி உண்மையிலேயே ஈடற்றதாக விளங்குவது அந்தக் கட்டத்தில்தான். பச்சை ஆடை கண்ணுக்குத் தெரியும்போது சோதனை தேவையே இல்லை, விலகி நிற்க வேண்டும், அவ்வளவே. ஆடை போன பிறகு கண் பொய் சொல்லும். பட்டை அப்போது உண்மை சொல்லும், தனக்குத் தெரிந்த அந்த ஒரு நஞ்சைப் பற்றி.

ஆடை இருக்கும்போது செய்யத்தக்க சோதனைகள் இரண்டு, செலவே இல்லாதவை. மூடியுள்ள ஒரு கண்ணாடிச் சாடியில் கையுறையோடு முக்கால் பங்கு நீரை எடுத்து, குளிர்ந்த இடத்தில் ஓர் இரவு அசையாமல் வைத்தால், அடியில் படிவது பெரும்பாலும் தீங்கற்ற பாசி, மேலே பச்சை வளையமாக மிதப்பது நீலப்பசும்பாசியாக இருக்க வாய்ப்பு மிகுதி. ஒரு குச்சியை ஆடைக்குள் விட்டுத் தூக்கினால், முடிக்கற்றை போலத் தொங்குவது இழைப்பாசி; வண்ணம் பூசியது போலக் குச்சியை நனைத்து வந்தால் ஒதுங்கிக்கொள்ள வேண்டியது நாம். இரண்டும் நஞ்சைக் காட்டுவதில்லை, யார் வந்திருக்கிறார் என்பதை மட்டும் காட்டுகின்றன. அந்த அளவே அன்றாட முடிவுகளுக்குப் பெரும்பாலும் போதும். இந்த இரண்டையும் செய்முறைத் தாளில் ஒரு மூலையில் சேர்த்திருந்தால் வீணாகும் பட்டைகள் பாதியாகக் குறையும். பட்டை விற்பவர் அதை ஏன் சொல்லப்போகிறார் என்பதும் புரிகிறது.

கடலோரத்தில் வாழ்பவர்கள் இதை வாங்க வேண்டியதில்லை. கடல்நீரைச் செந்நிறமாக்கும் பாசிப்பெருக்கின் பிரெவிடாக்சின், சிப்பிகளில் சேரும் டொமோயிக் அமிலம் போன்றவற்றை உண்டாக்குபவை வேறு இனங்கள். 1987இல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவுச் சிப்பிகளை உண்ட 100க்கும் மேற்பட்டோர் நோயுற்று, அவர்களில் சிலர் நினைவாற்றலை இழந்தது இந்த டொமோயிக் அமிலத்தால். சமைத்தாலும் அது போவதில்லை.

பொருளின் தரம் பற்றிச் சில வரிகள். ஐந்து பட்டைகளில் ஒன்று எனக்கு வீணாயிற்று. மழை நாளில் குப்பியின் மூடியைச் சரியாக அழுத்தாமல் விட்டிருக்கிறேன். அடுத்த முறை கட்டுப்பாட்டுக் கோடே எழவில்லை. கட்டுப்பாட்டுக் கோடு இல்லாத பட்டை எதையும் சொல்லவில்லை என்றே கொள்ள வேண்டும். தவறு என்னுடையதுதான், எனினும் ஐந்தையும் ஒரே குப்பியில் இடாமல் தனித்தனி உறையில் இட்டிருந்தால் ஒரு கைப்பிழைக்கு ஒன்றே பலியாகும். காலாவதி நாளையும் வாங்கும்போதே பார்த்துவிட வேண்டும். கூம்புக் குப்பிகள் நிற்க ஒரு தாங்கி இல்லாததால், ஒரு முறை அது சாய்ந்து, குலுக்கியதெல்லாம் மேசை மேல் போயிற்று. இடுக்கியும் சொட்டுக் குழலும் நன்றாக உள்ளன. முடிவைக் கண்ணுக்குப் பதில் படித்துச் சொல்லும் சிறு கருவி தனியே கிடைக்கிறது. பொதுக் குளத்தைக் கண்காணிப்பவருக்கு அது தேவைப்படும், ஒரு வீட்டுக்குத் தேவையில்லை.

ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தருகிறேன். கருவிக்கு நான்கு, தலைகீழ்க் கோட்டை மூடியில் எச்சரிக்காததற்காக ஒன்றைக் கழித்துவிட்டேன். விற்பனையாளரின் சொல்லுக்கு மதிப்பெண் இல்லை. சொந்தமாகக் குளம் உள்ளவர்களும், விலங்குகளை அங்கே விட்டாக வேண்டியவர்களும், செய்முறைத் தாளை இரண்டு முறை படிக்கும் பொறுமை உள்ளவர்களும் வாங்கலாம். அவ்வப்போது ஏரிக்குக் குளிக்கப் போகிறவர்கள், அங்கே எச்சரிக்கைப் பலகை உள்ளதா என்று பார்த்துவிட்டு, நீர் பச்சையாக இருந்தால் திரும்பி வந்துவிடுவதே போதும்.

என் பெட்டியில் ஒரு பட்டை மிச்சம் இருக்கிறது. குளத்து மூலையில் ஆடை கரைந்துபோய்ப் பதினோரு நாட்கள் ஆகின்றன. நீர் இப்போது அடிமண் தெரியும் அளவுக்குத் தெளிந்திருக்கிறது. நாயைக் கயிற்றில் கட்டித்தான் அந்தப் பக்கம் கூட்டிப் போகிறோம். ஒரு வார இடைவெளியில் இரண்டு முறை கோடு அழுத்தமாக வந்த பிறகே அவிழ்த்துவிடுவது என்று வீட்டில் முடிவு செய்துள்ளோம். அதற்கு இந்த ஒரு பட்டை போதாது என்பதால், இத்தனை குறைகளை எழுதிய கையாலேயே, வேறொரு விற்பனையாளரிடம், இன்னொரு பெட்டிக்கு நேற்று பணம் கட்டியிருக்கிறேன்.